தொண்ணூறு 'ஆச்சு'

டாக்டர் ரெஜினாவுக்கு நாற்பத்தொரு வயது. அவரிடம் ஆராய்ச்சி கற்க வந்த சீடர் டாக்டர் வைகுண்டத்துக்கு ஐம்பத்தாறு. முப்பது வருடம் கத்தி பிடித்தவர், திடீரென்று ஞானம் தேட ஆசைப்பட்டுவிட்டார். இப்படியும் சிலர்.

ஆராய்ச்சி இதுதான். முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தினமும் வெறும் வயிற்றில் நான்கு மாத்திரை கொடுப்பது வழக்கம். அதையே சாப்பிட்டுவிட்டுப் போட்டால் மருந்து உடம்பில் கூடுதலாக ஏறும். அப்படியானால் ஒன்றே போதுமா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு நான்கு, மீதிப் பேருக்கு ஒன்று.

ஒரு மாத்திரைக்காரர்களில் பேச்சிமுத்துவும் ஒருவர். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் அவருடைய நோயின் அளவைக் காட்டும் எண் ஏறியிருந்தது. வைகுண்டம் ஆடிப்போனார். மருந்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று ஒரு மனிதரைச் சாகக் கொடுக்கிறோமோ என்று பயம். மதியம் மூன்று மணிக்கு, கூட்டம் குறையாத ஓ.பி.யில், ரெஜினாவின் முன்னால் போய் நின்றார்.

"ஒண்ணு போதாது மேடம். இவரை நாலுக்கு மாத்திடலாம்."

"சாப்பிட்டுட்டுத்தான் போடுறாரா?"

அதில் சந்தேகமே வேண்டாம் என்றார். தினமும் காலை எட்டு மணிக்குத் தானே போன் செய்து 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டு, 'ஆச்சு' என்று பதில் வந்த பிறகே மாத்திரை போடச் சொல்கிறாராம். நோட்டையும் நீட்டினார். தொண்ணூறு நாளும் 'ஆச்சு'.

ரெஜினா நோட்டைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

"சார், நீங்க சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு மேடம்."

ரெஜினா எழுந்து போய், ஜன்னலோரம் இருந்த வைகுண்டத்தின் டிபன் பாக்ஸைத் திறந்தார். புளியோதரை அப்படியே இருந்தது. மேலே வைத்த அப்பளம்கூட உடையவில்லை. அந்த நேரம் பார்த்து வைகுண்டத்தின் வயிறு வேறு சத்தம் போட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே உட்கார்ந்திருந்த பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார்கள். காலை எட்டு மணிக்கு என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டதும் அவர் நெளிந்தார். முப்பது வருடம் அதிகாலை முதல் டிரிப் பஸ்ஸில் போன உடம்பாம். பத்து மணிக்கு முன்னால் ஒன்றும் இறங்காதாம்.

"பிறகு ஏன் ஆச்சுன்னு சொன்னீங்க?" வைகுண்டத்துக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

"அவ்வளவு பெரிய டாக்டரு, வேலையெல்லாம் விட்டுட்டு என்னையப் போயி சாப்பிட்டாச்சான்னு கேக்கிய. இல்லன்னு சொன்னா ஒங்க மனசு சங்கடப்படுமில்லா?"

மறுநாளிலிருந்து போன் பத்தரைக்குப் போனது. கேள்வியும் மாறியது. என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை? பேச்சிமுத்து சட்னி வரைக்கும் சொன்னார்.

இரண்டு மாதத்தில் எண் இறங்கியது. வைகுண்டம் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கும் மணி மூன்று.

"அப்ப இவருக்கு ஒண்ணு வேலை செய்யுதுன்னு எழுதிடலாமா மேடம்?"

"சாப்பிட்டாச்சா சார்?"

வைகுண்டம் 'ஆச்சு' என்று சொல்ல வாயைத் திறந்தார். மூடினார். ஜன்னலோரத்து டிபன் பாக்ஸை ஒரு தரம் பார்த்தார்.

"இல்லை மேடம்."

"இப்ப எழுதுங்க."