வண்டி இன்னும் வந்துசேரவில்லை

கடைசியில் தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான். அதனால் நான் சொல்வதில் எதையும் நழுவவிட்டுவிடாதீர்கள்.

தாழையடி என்று ஓர் ஊர். மீட்டர்கேஜ் பாதையைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு, சும்மா கிடந்த ரயில் நிலையத்தை ஊரார் அருங்காட்சியகம் ஆக்கிக்கொண்டார்கள். இரண்டே அறை. கைவிளக்கு, பச்சை சிவப்புக் கொடிகள், டிக்கெட்டில் தேதி குத்தும் எந்திரம், மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு சிவப்புப் பெட்டி. எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலை ரெஜினாவுக்கு. கைப்பிள்ளைக்காரி. பிள்ளையின் பால் பொடியிலிருந்து வீட்டு வாடகை வரை எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான்.

அந்தச் சிவப்புப் பெட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அது ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் அவ்வளவுதான். அதனால் தாழையடியில் ஒரு பெட்டி, அடுத்த நிலையமான புதுக்காவலில் ஒரு பெட்டி, இரண்டையும் இணைத்து ஒரு கம்பி. பெட்டிக்குள் இரும்பு உருண்டைகள். தோளில் மாட்டும் வளையப் பையில் போட்டுத் தரும் ஓர் உருண்டையைக் கையில் வாங்காமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்தக் கூடாது. அந்த உருண்டை ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்ப விழுகிறவரை இரண்டு பெட்டியும் இன்னொன்றைத் தராது. பெட்டியின் முகத்தில் ஒரு முள் உண்டு. நடுவில் நின்றால் பாதையில் வண்டி இல்லை. இடப்பக்கம் சாய்ந்தால் புதுக்காவலிலிருந்து வண்டி வந்துகொண்டிருக்கிறது. வந்த வண்டியின் உருண்டையை உள்ளே போட்டுக் கைப்பிடியைத் திருப்பினால்தான் முள் மறுபடி நடுவுக்கு வரும். உருண்டை தரும்போதும் திரும்ப வாங்கும்போதும் தவிர முள் அசையாது.

அருங்காட்சியகத்துக்கு வந்த நாளிலிருந்தே அந்த முள் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. ரெஜினா எத்தனை எண்ணெய் விட்டும் கைப்பிடி அசையவில்லை. "துருப்பிடிச்சுப் போச்சும்மா, விடு" என்றார் கமிட்டித் தலைவர் கோமதிநாயகம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் கோயில் காணிக்கைப் பெட்டியடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய இரும்பு உருண்டை ஒன்று கிடந்தது. மேலே இரண்டு ஊரின் பேரும் பொறித்திருந்தது. பங்குச்சாமியார் அதை ரெஜினாவிடம் கொடுத்தனுப்பினார். கோமதிநாயகம் உடனே அறிவித்துவிட்டார்: "உருண்டையை இத்தனை காலம் காப்பாத்தின குடும்பத்தின் பேரைக் கல்லில் வெட்டி வாசலில் வைப்போம். ஆண்டு விழாவில் கலெக்டர் கையால் மாலை!"

மூன்று பேர் வந்து நின்றார்கள்.

முதலில் உலகநாதன், தலைவருக்கு மச்சினர். "எங்கப்பா டிரைவர். சாயங்கால வண்டியைக் கொண்டாந்து விட்டுட்டு, இந்த உருண்டையோடதான் வீட்டுக்கு வருவாரு. ராத்திரி பூரா சாமி படத்துக்கு முன்னால இருக்கும். விடிஞ்சா எடுத்துக்கிட்டு வேலைக்குப் போவாரு. புதுக்காவல் மார்க்கமா ராத்திரி மெயில் ஊளையிட்டுப் போகும்போதெல்லாம் நான் இதைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் படுப்பேன்."

அடுத்தவர் பழைய இரும்பு வியாபாரி ராசையா. "கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி, இந்தப் பெட்டியை ஏலத்துல எடுத்து இங்க குடுத்ததே நான்தான். கடைசி வண்டி உருண்டை வரைக்கும் எல்லாம் உள்ளதான் கிடந்துச்சு. அடிப்பக்கக் கதவைத் திறந்து ஒண்ணை மட்டும் ஞாபகத்துக்கு எடுத்து வச்சேன். பெட்டியில வேற எதையும் நான் தொடல."

மூன்றாவதாகச் சொர்ணம். போர்ட்டர் மாடசாமியின் மகள். பேசவே அவளுக்குக் கூச்சம்.

"கடைசி வண்டி புதுக்காவல்லேருந்து வந்து நின்னப்போ ஊரே திரண்டு நின்னுச்சு. மாலையென்ன, கொட்டென்ன! டிரைவர்கிட்ட எங்கப்பாதான் உருண்டையை வாங்குனாரு. கூட்டத்துல எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழுததுல, பெட்டிக்குள்ள போட மறந்து பையோட தோள்லயே மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. மறுநாள் வண்டி ஏது, யாரு தேடப்போறா? கேஸ் ஆயிரும்னு பயந்து அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சாரு. எனக்கும் அதே பயம், அதான் யாருக்கும் தெரியாம கோயில்ல கொண்டு வச்சேன்."

உலகநாதன் வாய்விட்டுச் சிரித்தார். "ஏம்மா, காலம் பூரா உருண்டை வாங்கிப் போட்டவருக்கா அது மறக்கும்? திருடிட்டுப் போனாருன்னு சொல்லு!"

சொர்ணத்தின் முகம் செத்துவிட்டது.

கோமதிநாயகம் ரெஜினாவை ஓரமாக அழைத்தார். "மச்சான் பேரை எழுதிரு தாயி. வேலை வேணும்லா?"

ரெஜினா பால் பொடியையும் வாடகையையும் நினைத்துக்கொண்டாள். இடுப்பிலிருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அந்தப் பிள்ளையோ சிவப்புப் பெட்டியின் முள்ளை எட்டிப் பிடிக்கக் கையை நீட்டியது. அவளும் முள்ளைப் பார்த்தாள். அது இன்னும் இடப்பக்கமே சாய்ந்து கிடந்தது. "விழாவுல எல்லாருக்கும் முன்னால சொல்றேன் அண்ணாச்சி" என்றாள்.

இப்போது சொல்லுங்கள்: மூவரில் உண்மை பேசியது யார்? அதை ரெஜினா எப்படிக் கண்டுபிடித்தாள்?

விடை: உண்மை பேசியவள் சொர்ணம். உலகநாதன் சொன்னபடி உருண்டை ராத்திரியெல்லாம் வீட்டில் இருந்திருந்தால், மெயிலுக்கு வேறு உருண்டை கிடைத்திருக்காது. அது ஊளையிட்டிருக்கவும் முடியாது. ராசையா சொன்னபடி கடைசி உருண்டையும் முறையாக உள்ளே விழுந்திருந்தால், முள் நடுவில் நின்றிருக்க வேண்டும். அடிக்கதவைத் திறப்பதால் முள் சாயாது. பெட்டி துருப்பிடிக்கவும் இல்லை, கெட்டுப்போகவும் இல்லை. கடைசி வண்டியின் உருண்டைக்காக இத்தனை வருஷமும் காத்துக்கொண்டிருந்தது.

விழாவன்று கலெக்டர் முன்னால் இதைச் சொல்லிவிட்டு, ரெஜினா உருண்டையைச் சொர்ணத்தின் கையிலேயே கொடுத்தாள். சொர்ணம் அதைப் பெட்டியின் வாயில் போட்டாள். கடகடவென்று உருண்டு விழுந்தது. அசையவே அசையாத கைப்பிடி அவள் கைக்கு வழுக்கிக்கொண்டு திரும்பியது. முள் எழுந்து நடுவில் நின்றது. கூட்டம் போட்ட கூச்சலில் பிள்ளை அழ, முதலில் கைதட்டியவர் கோமதிநாயகம்தான். வேறு வழி? "இந்தப் பெட்டி இனி ரெஜினாவின் பொறுப்பு. அவங்களைக் கேக்காம யாரும் தொடக் கூடாது" என்றார் கலெக்டர்.

வாசல் கல்லில் மாடசாமியின் பேரை வெட்டினார்கள். கீழே என்ன எழுதலாம் என்று சொர்ணத்திடம் கேட்டாள் ரெஜினா.

"வண்டி வந்து சேந்துட்டுன்னு எழுதுங்கம்மா."