பாவாத்தாள் குரலில் வந்த பதில்

நம்பாதவர்கள் இருப்பார்கள் என்பதற்காக இதில் ஒரு வரியைக்கூடக் குறைப்பதாக இல்லை. நம்புகிறவர்கள் கடைசியில் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

கருப்பணன் டிராக்டர் ஓட்டுகிறவர். அவருடைய ஒரே மகன் நல்லுசாமிக்கு வயது முப்பத்தொன்று. காதோரம் நரை எட்டிப் பார்த்துவிட்டது. ஆனாலும் சட்டைப் பொத்தான் போட்டுவிட ஆள் வேண்டும். வீட்டில் அவன் பேச்சு 'ம்', 'ஊஹூம்' என்ற இரண்டோடு சரி. போதாததற்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை தவறாமல் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தவள் தாய் பாவாத்தாள். கருப்பணன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அவருக்கு அந்த வேலையை அவள் வைக்கவும் இல்லை.

சித்திரையில் பாவாத்தாள் கண்ணை மூடிவிட்டாள். வைகாசி முதல் வெள்ளிக்கிழமை, ஒரு கையில் ஆஸ்பத்திரி நோட்டும் மறு கையில் மகனுமாகக் கருப்பணன் பஸ் ஏறினார்.

அந்த ஆஸ்பத்திரி வரிசை எப்படிப்பட்டது என்றால், பல்வலி என்று வந்து நின்றவருக்கு முறை வருவதற்குள் பல் தானாக விழுந்துவிடும். நிற்க இடமில்லாத அந்தக் கூட்டத்தில் நல்லுசாமி பெஞ்சின் ஓரமாக, தன் வலப்பக்கம் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டு உட்கார்ந்தான். அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. கால் கடுக்க நின்ற கருப்பணனும் உட்காரவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அந்த இடத்தைப் பார்க்காமல் இருப்பதே அவருக்குப் பெரிய பாடாக இருந்தது.

உள்ளே டாக்டரம்மா புதிது. வேலையில் சேர்ந்து ஒரு வாரம்தான். பக்கத்தில் நின்ற ரெஜினா சிஸ்டருக்கு அந்த அறையில் பதினோரு வருஷம். பாவாத்தாள் செத்துப்போனதைக் கருப்பணன் நுழைந்ததுமே சொல்லிவிட்டார்.

"பையனுக்கு மாசத்துல எத்தனை தடவை வலிப்பு வருது?" என்று டாக்டரம்மா கருப்பணனைப் பார்த்துக் கேட்டார்.

"வர்றதே இல்லீங்க."

அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததில்லை, அவ்வளவுதான். தினம் மூன்று மாத்திரை விழுங்கிவிட்டு மகன் பகல் முழுக்கத் தலை தொங்கிக் கிடக்கிறான், ஒன்றைக் குறைத்தால் எழுந்து நடமாடுவானே என்று அவரே கேட்டும் கொண்டார். குறைக்கலாம், ஆனால் வலிப்பு உள்ளுக்குள் இருந்து, மாத்திரையும் குறைந்தால் உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்துவிட்டு டாக்டரம்மா பேனாவைத் திறந்தார்.

"வருதுங்க டாக்டர்."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"கிழக்கு வெளுக்கறதுக்கு முன்னாடி, சத்தமில்லாம வருதுங்க. இவங்கப்பா எந்திரிக்கறதுக்குள்ள தொடச்சு விட்டுருவனுங்க. அவருகிட்டச் சொல்லீராதீங்க."

அசைந்தது நல்லுசாமியின் வாய். குரல் பாவாத்தாளுடையது. அவள் மூச்சு வாங்கும் இடத்தில்தான் அதுவும் மூச்சு வாங்கியது. முப்பது வருஷம் பக்கத்து அறையில் படுத்திருந்த கருப்பணனுக்கு இது செய்தி.

ரெஜினா சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சமாளித்துக்கொண்டு, பயப்பட ஒன்றுமில்லை, அவங்கம்மா மாசாமாசம் இதே நாற்காலிப் பக்கம் நின்று சொன்னது இதேதான், கேட்டுக் கேட்டுப் பையனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, அவரிடம் சொல்லவேண்டாம் என்று அந்தம்மா கேட்டுக்கொண்டதால்தான் நானும் வாய் திறக்கவில்லை என்றார்.

அப்போது நல்லுசாமி மெதுவாகத் தகப்பன் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"நீங்க எதுக்குங்க இங்க வந்தீங்க?"

அதே குரல். சிஸ்டரின் முகம் வெளுத்துப்போனது. கருப்பணன் வராத இடத்தில் பாவாத்தாள் இதைச் சொல்லியிருக்கவே முடியாது.

அதன்பின் மூவரும் மூன்று விதமாக நடந்துகொண்டார்கள். செத்த பிறகும் விடாமல் கூட வருகிற தாய் பொய் சொல்லமாட்டாள் என்று டாக்டரம்மா முடிவு செய்து, மூன்று மாத்திரையும் தொடரட்டும் என்று நோட்டில் எழுதினார். ரெஜினா சிஸ்டர் அதைத் தடுக்கப் பார்த்தார். செத்தவர் பேச்சைக் கேட்டு மருந்து எழுதுவது எந்த ஆஸ்பத்திரியில் நடக்கும், ஒரு வாரம் வார்டில் படுக்கவைத்து நாமே கண்ணால் பார்ப்போம் என்பது அவர் கட்சி. கருப்பணனோ, "நான் சொன்னத அடிச்சிருங்க டாக்டர். எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்று தன் சாட்சியைத் தானே வாபஸ் வாங்கிக்கொண்டு, அந்தக் கேள்வி தன்னைத் துரத்துவதுபோல வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

இப்போது சொல்லுங்கள். மூவரில் யார் செய்தது சரி?

விடை: டாக்டரம்மா செய்தது சரி; அவர் நினைத்த காரணம்தான் தப்பு. பாவாத்தாள் வந்தாளா இல்லையா என்ற வழக்கே இங்கே தேவையில்லை. டாக்டருக்குப் பதில் சொல்ல நல்லுசாமி கேட்டு வளர்ந்தது ஒரே ஒரு குரல். அவன் பக்கம் திரும்பி யாரும் எதையும் கேட்டது கிடையாது. தகப்பன் தப்பாகச் சொன்னதும், தெரிந்த ஒரே குரலில், தெரிந்த வார்த்தைகளை வைத்துத் தன் உடம்பைப் பற்றித் தானே சொன்னான். தகப்பனிடம் கேட்டதும் அவன் சொந்தக் கேள்விதான். அதைச் சொல்லிக்கொடுக்க அங்கே யாரும் இல்லை. இது டாக்டரம்மாவுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது. ஆனி முதல் வெள்ளிக்கிழமை அவர் நாற்காலியை நல்லுசாமிக்கு நேராகத் திருப்பிப் போட்டு, வலிப்பு வந்ததா என்று அவனையே கேட்டார். கருப்பணன் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். வெளியே வரிசை கூச்சல் போட்டது. வெகுநேரம் கழித்து, "வந்துச்சு" என்றான் நல்லுசாமி. கரகரத்த ஆண் குரல். பெற்றவர்கூட அதற்குமுன் கேட்டிராத குரல்.