கரட்டு மேல வெள்ளைப் பசு

ஒரு ஊருல ஒரு கரடு இருந்துச்சாம். கரடுன்னா சின்ன மலை, கண்ணு. மேல செம்மண்ணு, ஒரு சாண் சுரண்டினா உள்ள சுண்ணாம்புக்கல்லு, பாலாட்டம் வெள்ளை. அந்தச் சரிவு முச்சூடும் பெருசா ஒரு வெள்ளைப் பசு படுத்திருக்கும். பூதம் வரைஞ்சதும்பாங்க சில பேரு, காட்டுக்கு வந்த ராசா வரைஞ்சதும்பாங்க சில பேரு. பூதமும் இல்ல, ராசாவும் இல்ல. ஆடு மேய்க்கிற மாராயி வரைஞ்சது அது.

மாராயிக்கு ஒரே மக, நாச்சாயி. ஆத்துக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தா. பேரப்புள்ள பொறக்குற வரைக்கும் பெத்தவ மக வீட்டு வாசல மிதிக்கக் கூடாதுன்னு அந்தப் பக்கத்து வழக்கம். வண்டி ஏறும்போது மக அழுதா.

"உன்னைய எப்படிம்மா பாப்பேன்?"

"அங்கிருந்து நம்ம கரடு தெரியுமில்ல? அதப் பாரு. நான் அங்கதான் இருப்பேன்."

சொன்னவ சும்மா இருந்தாளா? மம்பட்டிய எடுத்தா, புல்லச் செதுக்கினா, மண்ண வழிச்சா, பசுவ வரைஞ்சா. மழை பேஞ்சா பத்தே நாள்ல புல்லு மூடிக்கும், அதனால தினமும் போய்ச் செதுக்குவா. அங்க நாச்சாயி வாசல் தெளிக்க வரும்போது பசுவப் பாத்துச் சிரிச்சுக்குவா.

அவ மாமியா குருவம்மாவுக்கு மருமக ஒரு நாள் இல்லாட்டியும் வேலை ஓடாது. நாச்சாயி முழுகாம இருந்தா. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே? அஞ்சாம் மாசம் கேட்டா.

"அத்தை, எங்கம்மா வீட்டுக்குப் போகட்டுங்களா?"

"ஆத்துல வெள்ளம் போகுது. கம்ப இடி."

அப்புறம் ஏழாம் மாசம் கேட்டா.

"நாள் சரியில்ல. ராகிய அரை."

அப்புறம் ஒம்பதாம் மாசம் கேட்டா. குருவம்மாவுக்குச் சாக்கு தீந்துபோச்சு.

"எந்த அம்மா? உங்கம்மா செத்து ஒரு மாசமாச்சு. வயித்துப்புள்ளக்காரின்னு மறைச்சேன். நெல்லக் குத்து."

நாச்சாயி அன்னிக்கெல்லாம் அழுதா. மறுநாள் வாசல் தெளிக்க வந்தவளுக்குக் கரட்டப் பாக்கவே மனசு வரல. ஆனாலும் பழகின கண்ணு இல்லையா, நிமிந்துருச்சு. ஒரு மாச மழையில கரடே பச்சைப்பசேல்னு கெடக்கு. பசு மட்டும் நேத்துச் செதுக்கினாப்புல வெள்ளையா இருக்கு.

வண்டி பூட்டிக்கிட்டு இருந்த புருசன் சடையன்கிட்ட ஓடினா.

"ஏனுங்க, செத்தவ வந்து புல்லுச் செதுக்குவாளா?"

சடையன் கரட்டப் பாத்தான், அவன் ஆத்தாளப் பாத்தான். பொண்டாட்டிய வண்டியில ஏத்தினான்.

சரிவுல மாராயி மம்பட்டியோட நின்னுக்கிட்டு இருந்தா.

"ஏங்கண்ணு இத்தன நாளா வரல?"

"நீ செத்துட்டேன்னு சொன்னாங்கம்மா."

"நீ பாத்துக்கிட்டு இருக்கையில நான் எப்படிடி சாவேன்?"

ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு அழுதாங்க. பொட்டப்புள்ள பொறந்துச்சு. பசுவுக்குப் பக்கத்துல மாராயி ஒரு கன்னுக்குட்டிய வரைஞ்சா.

அப்புறம் ரெண்டு ஊரும் கூடிக் குருவம்மாவ நிக்க வெச்சாங்க. "உசுரோட இருக்கிறவளச் சாகடிச்சியே, வருசா வருசம் வந்து பசுவோட வாலச் செதுக்கிட்டுப் போ"ன்னாங்க. வேகாத வெயில்ல வந்து செதுக்கினா. இன்னிக்கும் அங்க பொண்ணப் பெத்தவங்க பசுவோட கண்ணச் செதுக்குவாங்க, மாமியாருங்க வாலச் செதுக்குவாங்க. சிரிக்காத, உனக்கும் மாமியா வருவா.

வருசம் போச்சு. நாச்சாயி மகளையும் தூரத்து ஊருக்குக் கட்டிக்கொடுத்தாச்சு, அங்கிருந்தும் கரடு தெரியும். ஒரு நாள் காலையில நாச்சாயி வாசல் தெளிக்க வந்தா, பசுவோட கண்ணுல பச்சையா புல்லு. சேதி சொல்ல ஆளு வரல. நாச்சாயி யாரையும் கேக்கவும் இல்ல. அழுதுக்கிட்டே ஆத்தத் தாண்டிப் போனா, ஆத்தாள அடக்கம் பண்ணினா, மம்பட்டிய எடுத்துக்கிட்டுக் கரட்டுல ஏறினா. அவ மக அங்கிருந்து பாத்துக்கிட்டு இருப்பாளே.

பசு இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு. கதை முடிஞ்சுபோச்சு, நீ கண்ண மூடு.