அடுப்பெரியாத வீடு

"என் வாய் இப்போ என் வாயா இல்ல, சிஸ்டர்" என்றார் பாக்கியநாதன். இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஞானசுந்தரி சிஸ்டர் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்.

பாக்கியநாதன் ஒரு சபையின் போதகர். தலை நரைத்தவர், பிரசங்கத்தில் பேர் வாங்கியவர். மலையடிவாரத்தில் இருக்கும் இந்தச் சின்னத் தியான வீட்டுக்கு வருஷம் தவறாமல் லெந்து என்னும் தவக்கால நாட்களில் வந்துவிடுவார். சிஸ்டர் அவரைவிட வயதில் சின்னவர்தான். பட்டம், பதவி ஒன்றும் கிடையாது. ஆனாலும் மனசு குழம்பினால் போதகருக்கு இந்த வாசலைத் தவிர வேறு வாசல் தெரியாது. இந்தத் தடவை லெந்து வரும்வரை பொறுக்க முடியாமல், தோளில் ஒரு பை நிறையப் புத்தகங்களோடு ஓடி வந்திருந்தார்.

எல்லாம் அருமைநாயகம் ஐயா எழுதிய புத்தகங்கள்.

அருமைநாயகம் வேதப் பள்ளி நடத்தியவர். அந்த வட்டாரத்துப் போதகர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். வாலிபத்தில் ஊர் சுற்றிக்கொண்டிருந்த பாக்கியநாதனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து ஊழியக்காரர் ஆக்கியதும் அவர்தான். பள்ளி ஆபீசில் வேலை பார்த்த ஒரு பெண்ணை அவர் சீரழித்துவிட்டார் என்ற செய்தி மழைக்காலத்தில் வெளியே வந்தது. முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு அவரே போலீசில் ஒப்புக்கொண்டார். இப்போது ஜெயிலில் இருக்கிறார்.

அன்றைக்குப் போனது பாக்கியநாதனின் தூக்கம். புத்தகங்களைக் கொளுத்துங்கள் என்கிறது சபையில் ஒரு கூட்டம். ஆளைப் பார்க்காதீர்கள், வசனத்தைப் பாருங்கள் என்கிறது இன்னொரு கூட்டம். போதகர் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் படுத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை பீடம் ஏறினால் வாயில் வருவதெல்லாம் அருமைநாயகத்தின் வாக்கியம். அதை விழுங்கிவிட்டு வேறு தேடினால் உள்ளே ஒன்றும் இல்லை. போன வாரம் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார். ஊழியத்தையே விட்டுவிடலாமா என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, சிஸ்டர். வச்சுக்கவா, கொளுத்தவா?"

"முதல்ல சாப்பிடுங்க."

சாப்பாடு தரையில். சிஸ்டர் அடுப்பிலிருந்து ரசப் பாத்திரத்தைத் துணியோடு பிடித்துத் தூக்கி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவித் தரையில் போட்டு, கொதிக்கிற பாத்திரத்தை அதன்மேல் வைத்தார்.

போதகர் பதறி எழுந்துவிட்டார்.

"கொளுத்தவான்னு கேட்டீங்களே" என்றார் சிஸ்டர்.

பாக்கியநாதன் உட்கார்ந்தார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. பாத்திரத்தை நகர்த்திவிட்டுப் புத்தகத்தை எடுத்துத் தன் துண்டால் துடைத்தது. துடைத்த பிறகு அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. புத்தகத்தைப் பைக்குள் விட்டெறிந்தார்.

சிஸ்டர் அவரை ஜெபிக்கச் சொன்னார். அவர் கண்ணை மூடினார்.

"கேட்பதற்கு முன்னே கொடுக்கிறவரே" என்று ஆரம்பித்து, நின்றுவிட்டார். வேறு மாதிரி ஆரம்பித்தார். "பசித்திருக்கிறவனை மறவாத மனதை எங்களுக்கு..." அதிலும் நின்றார்.

"ஆமென்" என்று முடித்துவிட்டு சிஸ்டர் சோற்றைப் பிசைந்தார்.

"ரெண்டுமே அவர் ஜெபம், சிஸ்டர்."

"ரசம் ஆறுது, ஐயா."

"அப்போ வச்சுக்கலாம்னு சொல்லுதீங்களா?"

"ரசம் ஆறுதுன்னு சொல்லுதேன்."

சாப்பாடு இறங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு முற்றத்தில் மேலும் கீழும் நடக்க ஆரம்பித்தார். சிஸ்டர் மறுபடியும் கீரைக்கு முன்னால் உட்கார்ந்தார். போதகர் நடந்துகொண்டே பேசினார், பேசிக்கொண்டே நடந்தார். அருமைநாயகம் ஐயா தன் கல்யாணத்தை நடத்தி வைத்ததைச் சொன்னார். தன் அப்பா செத்தபோது கட்டிப்பிடித்து அழுததைச் சொன்னார். கட்டிப்பிடித்த அந்தக் கைதானே இதையும் செய்தது என்றார். சபை இரண்டாக உடையப் போகிறது, தான் யாருக்கும் உதவாதவனாக ஆகிவிட்டோம், அவர் தன்னை ஏமாற்றிவிட்டார் என்றார். ஏமாற்றிவிட்டார் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம், அவ்வளவும் உண்மையான வேதனைதான்.

சிஸ்டர் ஒரு கொத்தை உருவி முடித்தார்.

"அவர் சொல்லிக் கொடுத்ததுல தூக்கிப் போட முடியாதது எது, ஐயா?"

பாக்கியநாதன் நின்றார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"முதல் நாள், முதல் பாடம். பீடம் ஏறும் முன்னே ஊர்ல அடுப்பெரியாத வீடு எதுன்னு பாரு. அங்க போயி உட்கார்ந்துட்டு வந்து ஏறு. போகாம ஏறினா உன் பிரசங்கம் வெறும் சத்தம்."

அன்றிலிருந்து அப்படித்தான் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். சாவு வீடு, கடலுக்குப் போனவன் திரும்பாத வீடு, மகன் ஜெயிலுக்குப் போன வீடு. போய் உட்கார்ந்தால் போதும், பேசக்கூட வேண்டாம். அங்கிருந்து எழுந்து வந்து பேசிய பேச்சுதான் சபையில் யாருக்காவது ஆறுதலாக இருந்திருக்கிறது.

"இது பொய்யில்ல, சிஸ்டர். நான் போய்ப் பார்த்தவன். இது எப்படி அந்த வாயில இருந்து வந்துச்சு?"

சிஸ்டர் அடுத்த கொத்தை எடுத்தார்.

"இந்தத் தடவை போனீங்களா?"

"எந்த வீட்டுக்கு?"

மலைக்காற்றில் உருவிய இலைகள் பறந்தன. சிஸ்டர் அவற்றைப் பொறுக்கி முறத்தில் போட்டார்.

"அந்தப் பிள்ளைக்குப் பேரு என்ன, ஐயா?"

பாக்கியநாதன் வாயைத் திறந்தார். அருமைநாயகம், அருமைநாயகம் என்று இத்தனை மாதமாகச் சொல்லிச் சொல்லி வறண்டுபோன வாய். அந்தப் பிள்ளையின் பேர் பேப்பரில் வரவில்லை. இவரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. வெட்கத்தில் அவருக்குக் காது இரண்டும் சுட்டது.

செருப்பை மாட்டினார்.

"பை?" என்றார் சிஸ்டர்.

அவர் அதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டார்.

அந்தப் பெண் ஆனந்தவிளைக்காரி என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார். பஸ் பிடித்துப் போய் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. தெருக்குழாயில் குடம் வைத்திருந்த பெண்ணிடம், வேதப் பள்ளியில் வேலை பார்த்த பிள்ளை வீடு என்று இழுத்தார். அவள் வெள்ளை வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஜெபக்கனி வீடா?" என்றாள்.

ஆமாம் என்று தலையசைத்தார். பேரையே அங்கேதான் தெரிந்துகொண்டார்.

வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தெருவைப் பார்த்தபடி கிடந்தது. கதவு பாதி சாத்தியிருந்தது. கூப்பிட்டதும் தாய் வந்தாள்.

"கேஸை வாபஸ் வாங்கச் சொல்ல வந்தீங்களா?"

"இல்லம்மா."

"ஜெபம் பண்ண வந்தீங்களா?"

அப்படியும் சிலர் வந்திருக்கிறார்கள். இதே வீட்டுக்குள் நின்று, ஐயாவுக்கு விடுதலை வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் அவர் கையில் பைபிள் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இல்லம்மா. சும்மா உட்கார்ந்துட்டுப் போறேன்."

அவள் நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தார். பேச்சையே பிழைப்பாகக் கொண்டவருக்கு நாக்கு நுனியில் என்னென்னவோ வந்தது. எல்லாம் அந்த மனுஷனின் வாக்கியங்கள். எல்லாவற்றையும் விழுங்கினார். பீடத்தில் விழுங்கினபோது வேறு வாக்கியம் தேடினார். இங்கே தேடவில்லை.

வெகுநேரம் கழித்து ஒரு பெண் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் எழுந்து நின்று வாங்கினார்.

"என் பேரு பாக்கியநாதன்மா. நானும் அவர்கிட்டப் படிச்சவன்தான்" என்றார். அதை மறைத்துக்கொண்டு அங்கே தண்ணீர் குடிக்க அவருக்கு மனசு வரவில்லை.

தாயின் கை கதவை இறுகப் பிடித்தது. தண்ணீர் கொண்டுவந்த ஜெபக்கனி உள்ளே போகாமல் நின்று கேட்டாள்.

"யாரு சொல்லி வந்தீங்க?"

மலையடிவாரத்து சிஸ்டர் என்று சொல்லலாம். ஆனால் சிஸ்டர் போ என்று சொல்லவில்லை. முதல் பாடத்திலேயே போ என்று சொன்னவர் பேரை இந்த வாசலில் நின்று எப்படிச் சொல்வது? அவர் தம்ளரைக் குனிந்து பார்த்தார்.

"அடுப்பெரியாத வீடா?" என்றாள் ஜெபக்கனி.

பாக்கியநாதன் தலையைத் தூக்கினார்.

"முதல் பாடம். நான்தான் டைப் அடிச்சேன்." அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதைப் படிச்சவங்கள்ல ஒருத்தராவது வருவாங்கன்னு, மழைக்காலத்துல இருந்து சாயங்காலமானா இந்த நாற்காலியை வெளிய எடுத்துப் போடுதேன்."