எட்டு அடி ஈரமணல்

கொடுத்தால் குறையாது. இறுக்கிப் பிடித்துக்கொண்டால் பறிபோய்விடும். அது எது?

கல்வி என்று சொல்லப் போகிறீர்கள். கல்வியை யாரும் பறிக்க முடியாதே! இது வேறு. விடையை நானே சொல்லிவிடுகிறேன்: கால்பந்து. நம்பாதவர்கள் மேலே படியுங்கள்.

ஒரு கடற்கரை ஊரில் ஒரு கல்லூரி இருந்தது. அந்தக் கல்லூரியில் கால்பந்து ஆடியவை சட்டைகள். முதுகில் எண் போட்ட பதினொரு நீலச் சட்டைகள். எண்தான் ஒவ்வொன்றுக்கும் பெயர். ஒன்று கோல் காத்தது. ஒன்பது கோல் போட்டது. மற்றவை ஒன்பதைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அதற்குக் காரணம் இருந்தது. கல்லூரி மைதானம் முழுக்க மணல். உருட்டிவிட்ட பந்து நாலடி போய்ப் புதைந்துவிடும். அதனால் அந்த அணி பந்தை உருட்டியதே இல்லை. பின்னாலிருந்து ஏதாவது ஒரு சட்டை பந்தை வானத்துக்குத் தூக்கி அடிக்கும். ஒன்பது பாய்ந்து போய் அதை வாங்கி, ஓங்கி ஓர் உதை விடும்.

"தூக்கிப் போடு, ஒன்பது பாத்துக்கும்!" அவ்வளவுதான் அவற்றின் ஆட்டம்.

சொந்த மணலில் இது பலித்தது. வெளியூர்ப் புல்தரையில் எதிரணியினர் ஒன்பதின் பக்கத்தில் மூன்று பேரை நிறுத்தினார்கள். கதை முடிந்தது. நான்கு ஆண்டுகளாக நீலச் சட்டைகள் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பின.

ஐந்தாம் ஆண்டு, கல்லூரி மணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

"இந்தத் தடவை முதல் ஆட்டத்தில் ஜெயித்தே ஆக வேண்டும். சமமாக முடித்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இல்லையென்றால் அணி கிடையாது. கேண்டீனில் மேசை துடைக்கத் துணி கேட்கிறார்கள்."

கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டைகள் நடுங்கின. பழைய ஹாக்கி அணியின் சட்டைகள் சாம்பார் துடைப்பதை அவை தினமும் பார்த்துக்கொண்டிருந்தன.

அணியின் பயிற்சியாளர் ஒரு பழைய விசில். அது எல்லோரையும் கூப்பிட்டது. "தடுக்கச் சொல்லிக் குடுக்க எனக்குத் தெரியும். கோல் போடச் சொல்லிக் குடுக்கத் தெரியலை. அதை மறைச்சு என்ன ஆகப்போகுது? தாக்குற ஆட்டத்துக்குன்னே ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

மணலுக்குள்ளிருந்து ஒரு நண்டு வெளியே வந்தது. பக்கவாட்டில் வந்தது.

ஏழு விழுந்து விழுந்து சிரித்தது. "மக்கா, இவரு நம்மளை முன்னால போக வைப்பாராம்! இவரே இன்னைக்கு வரைக்கும் நேரா நடந்ததில்லை!"

"உண்மைதான்," என்றது நண்டு. "ஆனா, எந்தக் காக்காயும் இதுவரை என்னைப் பிடிச்சதில்லை. வாங்க, கடல்பக்கம் போவோம்."

கரையில் அலை வந்து போகும் இடத்தில் மணல் ஈரமாக, தரைபோல் இறுகிக் கிடந்தது. அகலம் எட்டு அடிதான். இந்தப் பக்கம் பந்து புதையும் மணல். அந்தப் பக்கம் கடல்.

"இதுக்குள்ள ஆடுங்க," என்றது நண்டு. "பந்தைக் கடலுக்குள்ள அடிச்சவங்கதான் போய் எடுத்துட்டு வரணும். பந்தைக் கொடுத்தவங்க அங்கேயே நிக்கக் கூடாது. நின்னா அலை நனைச்சிடும்."

ஒன்பது வழக்கம்போல் ஓங்கி உதைத்தது. பந்து கடலில் விழுந்தது. ஒன்பது நீந்திப் போய் எடுத்து வந்தது. மறுபடி உதைத்தது. மறுபடி நீந்தியது.

"வாங்க, வாங்க!" என்றது அலை. "இன்னைக்கு ஆறாவது தடவை. பேசாம இங்கேயே குடிவந்துடுங்களேன்!"

ஒரு வாரம் இப்படியே போனது. தண்ணீர் ஊறி ஊறி ஒன்பது கனத்தது. அதைவிட அதன் முகம் கனத்தது. ஒரு மாலையில் அது நண்டிடம் நேராகவே கேட்டது.

"என் உதையை என்கிட்டேர்ந்து பிடுங்கத்தான் வந்தீங்களா?"

"உன் பக்கத்துல எத்தனை பேரை நிறுத்துறாங்க?"

"மூணு பேரை."

"அவங்க எங்கேயோ நிக்க வேண்டியவங்கதானே? அந்த மூணு இடமும் இப்ப காலியா இருக்கும். அதை நீ ஒரு தடவையாவது பாத்திருக்கியா?"

ஒன்பது திரும்பிப் பந்தைப் பார்த்தது. அது பந்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

அணியிலேயே சிறியது ரெண்டு. அந்த ஆண்டுதான் சேர்ந்திருந்தது. "அண்ணே, எனக்கு ஒரே ஒரு கோல் போடணும்ணே," என்று அது ஒன்பதிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். "நீ பின்னால நில்லு. நான் போடும்போது கைதட்டு," என்று ஒன்பதும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

நாட்கள் போயின. சட்டைகள் பந்தைக் குட்டையாகத் தட்டக் கற்றன. தட்டியதும் இடம் மாறக் கற்றன. அலையிலிருந்து தப்பி ஓடி ஓடி, எது எங்கே வரும் என்பது பார்க்காமலே தெரிந்துபோனது. ஒருநாள் அலை முணுமுணுத்தது: "சே! இன்னைக்கு ஒரு பந்துகூட வரலையே."

 அன்று நண்டு வளைக்குள் போகும்போது கொடுக்குகளை உயர்த்திக்கொண்டு போனதை விசில் பார்த்தது.

போட்டி நாள் வந்தது. எதிரில் மலையடிக் கல்லூரியின் பச்சைச் சட்டைகள்.

"வந்துட்டாங்கய்யா மணல்காரங்க! தூக்கிப் போடுங்கப்பா, பாப்போம்!" என்று கத்தியது ஒரு பச்சை. கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

யாரும் தூக்கிப் போடவில்லை. பந்து புல்லில் உருண்டது. ஐந்திடமிருந்து ஆறுக்கு, ஆறிடமிருந்து ஏழுக்கு, ஏழிடமிருந்து நாலுக்கு. புல்தரை அவற்றுக்குக் கடல்போல் விரிந்து கிடந்தது. எட்டு அடியில் ஆடியவர்களுக்கு இவ்வளவு இடமா! பச்சைச் சட்டைகள் பந்து போன இடத்துக்கெல்லாம் ஓடின. போய்ச் சேரும்போது பந்து அங்கே இல்லை. முதலில் கேலி செய்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கோட்டுக்கு வெளியே பழைய விசில் சத்தம் போடவும் மறந்து நிமிர்ந்து நின்றது.

ஆனால் கோல் விழவில்லை. கோலுக்கு அருகில் ஒன்பதைச் சுற்றி எப்போதும் அந்த மூன்று பச்சைகள். கடைசி நிமிடமும் வந்துவிட்டது.

பந்து ஒன்பதிடம் வந்தது. மூன்றும் சூழ்ந்தன. "அடி, ஒன்பது, அடி!" என்று கடற்கரை ஊரிலிருந்து வந்திருந்த கூட்டம் அலறியது. நாலு ஆண்டுகளாக அது அடித்த இடம்தான்.

ஒன்பது முதல் முறையாகப் பந்தைவிட்டுத் தலையை நிமிர்த்திப் பார்த்தது. வலப்பக்கம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்துக்குள் பின்னாலிருந்து ஒரு சின்னச் சட்டை ஓடிவந்துகொண்டிருந்தது.

"ரெண்டு! உனக்குத்தான்!" என்று கத்திவிட்டுப் பந்தைத் தட்டியது ஒன்பது. தட்டியதும் இடம் மாறி ஓடியது.

பச்சைகள் திகைத்தன. பிறகு மூன்றும் ரெண்டை நோக்கிப் பாய்ந்தன. கோல்கீப்பரும் வெளியே ஓடிவந்தது.

ரெண்டு தன் வாழ்நாளில் கோலை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. கோல்கீப்பருக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு சந்து தெரிந்தது. அடித்தால் போனாலும் போகும். இடப்பக்கம் ஒன்பது தனியாக நின்றது. ஒன்பதுக்கும் வலைக்கும் நடுவில் புல்லைத் தவிர ஒன்றுமில்லை.

ரெண்டு பந்தை இடப்பக்கம் தட்டியது.