மிட்டாதார் வாங்கிய ஆடு

கருப்பராயன் கோயில் சந்தையில் ஆடும் விற்கும், குதிரையும் விற்கும். ஆனால் அன்று கூட்டமெல்லாம் மாராத்தாள் பிடித்து வந்த குட்டைக் குதிரையைச் சுற்றித்தான். முழுதாக வளர்ந்தும் இடுப்புயரம் தாண்டாத குதிரை. கண்ணை மறைக்கிற பிடரி. பார்த்தவர்களுக்குக் கை பரபரத்தது. ஒரு லட்சம் வரை கேட்டுவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, சந்தையை நடத்தும் மிட்டாதார் வேலப்பர் வந்து நின்றார். கேட்டவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"இதைக் குதிரைன்னு எவன் சொன்னான்? ஆடு இது! ஆட்டு விலைக்குக் கொடு. இல்லேன்னா இனி இந்தச் சந்தையில கால் வைக்காதே."

"எசமான் சொன்னா ஆடுதானுங்க," என்று பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள் மாராத்தாள். பிறகு பூசாரியைக் கூப்பிட்டாள்.

"சாமி, இன்னிக்கு மொதல்ல வித்த ஆடு இதுதானுங்க. மொத ஆட்டைக் கருப்பராயனுக்கு வெட்டுறது நம்ம சந்தை வழக்கமாச்சே. அருவாளை எடுங்க."

சொன்ன கையோடு ஒரு சொம்புத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினாள். அது உடம்பைச் சிலிர்த்து உதறியது. சாமி உத்தரவு கொடுத்துவிட்டதென்று கூட்டம் கும்பிட்டது. பூசாரி அருவாளோடு நெருங்கினார்.

"யோவ், நிறுத்துய்யா!" மிட்டாதார் குறுக்கே பாய்ந்தார். "குதிரையைப் போய் எவனாவது வெட்டுவானா? லட்ச ரூபாய் பெறும்யா இது!"

சந்தையே சிரித்தது.

மாராத்தாள் முடிச்சை அவிழ்த்து, பணத்தை அவர் கையில் திணித்தாள்.

"ஆட்டுப் பணம் இந்தாங்க. குதிரைன்னு கேட்டவங்களுக்கு ஒரு லட்சம். எசமானுக்கு மட்டும் ரெண்டுங்க."