முசுறுக் குட்டியின் போர்வை

அந்தக் காலத்தில் எறும்புக்கும் மரத்துக்கும் பேச்சுவார்த்தை உண்டு. ஆற்றங்கரை மாமரம் ஒன்றில் முசுறு எறும்புகள் குடியிருந்தன. கடித்தால் கண்ணில் தண்ணீர் வரவழைக்கும் அதே சிவப்பு முசுறுதான். அப்போது வீட்டுக்கு ஒரு இலை. காம்பைக் கடித்து இலையைப் பறித்து, சுருட்டி, கிளை இடுக்கில் செருகிக் குடியேறும். காய்ந்து நொறுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று பறிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் புது இலை பறித்துவிட்டால் போதும், நம் வீட்டு இலை உடனே பழசாகிவிடும்!

அங்கே பவளாயி என்றொரு முசுறு. அவளுக்கு ஒரே பிள்ளை, கால் முளைக்காத வெள்ளைப் புழு. அதன் வாயில் பட்டு நூல் ஊறத் தொடங்கியிருந்தது. குட்டிகள் அந்த நூலைத் தங்களைச் சுற்றிப் பின்னிப் போர்த்திக்கொண்டு தூங்கும், எழும்போது எறும்பாகியிருக்கும். பிள்ளையின் போர்வையைப் பற்றி ஆரம்பித்தால் பவளாயி லேசில் நிறுத்தமாட்டாள்.

அந்தக் கோடையில் மரம் எல்லோரையும் கூப்பிட்டது.

"இலையிலதான் நான் சோறாக்குறேன். அடுப்பையே பிச்சுப் போட்டுட்டீங்களே! இந்த வெயிலை இனி நான் தாங்கமாட்டேன். வேற மரம் பாத்துக்குங்க."

வேறு மரம் ஆற்று மணலுக்கு அப்பால் இருந்தது. கொதிக்கிற மணலில் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் பாதி வழியிலேயே கருகிப்போகும்.

"பறிக்கவே வேண்டாம்," என்றாள் பவளாயி. "மரத்துல இருக்குற இலையையே பக்கம் பக்கமா சேத்து, எல்லாரும் ஒரே வீட்டுல இருந்துக்குவோம்."

அடுத்த வீட்டுச் சுருக்கன் சிரித்தான். "மதினி, என் வீட்டுக்காரியும் நீங்களும் ஒரே கூரைக்குக் கீழயா? கூரை தாங்குமா?"

பவளாயி ஓர் இலையின் விளிம்பைக் காலால் பற்றி, அடுத்த இலையை வாயால் எட்டிக் கவ்வினாள். உடம்பு இரண்டாகக் கிழிந்துவிடும் போலிருந்தும் விடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த சுருக்கனுக்குப் பொறுக்கவில்லை. ஓடிவந்து அவள் பின்னால் நின்று, அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அவன் இடுப்பை அவன் மனைவி பிடித்தாள். அவள் இடுப்பை, அவளோடு முகம் கொடுத்துப் பேசாத இன்னொருத்தி பிடித்தாள். இலைகள் நகர்ந்து வந்து ஒட்டி நின்றன. சந்தோஷத்தில் எல்லோரும் ஆரவாரம் செய்யப் பிடியை விட்டார்கள். இலைகள் படாரென்று விரிய, ஊரே குட்டிக்கரணம் அடித்தது.

மறுபடி இழுத்தார்கள். மாம்பிசினால் ஒட்டிப் பார்த்தார்கள். வெயிலில் காய்ந்து உதிர்ந்தது. குட்டிகளின் பட்டு நூல்தான் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தாய்மார்கள் குட்டிகளை முதுகுக்குப் பின்னால் தள்ளி மறைத்தார்கள்.

பவளாயி தன் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அதை மெல்ல வாயில் எடுத்து, இந்த இலை விளிம்பில் ஒரு தொடுதல், அந்த இலை விளிம்பில் ஒரு தொடுதல் என்று நடந்தாள். குட்டியின் வாயிலிருந்து நூல் வந்துகொண்டே இருந்தது. ஒரு துளி மிச்சமில்லாமல் தீரும்வரை தைத்தாள்.

இலையை இழுத்துப் பிடித்திருந்த சுருக்கன் கேட்டான். "மதினி, புள்ளைக்குப் போர்வை?"

"உள்ள வந்து பாருங்க கொழுந்தனாரே. இம்மாம்பெரிய போர்வை எந்தப் புள்ளைக்குக் கிடைச்சிருக்கு?"

அதற்குமேல் யாரும் நிற்கவில்லை. ஒவ்வொரு தாயும் தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பொழுது சாய்வதற்குள் பச்சை இலை வீடு முழுதாகத் தைத்து முடிந்தது. மழை வந்ததும் மாமரம் கிளைக்குக் கிளை துளிர்த்து, "என் குடித்தனக்காரங்களைப் பாருங்கடா!" என்று அக்கரை மரங்களிடம் பீற்றிக்கொண்டது.

அன்று முதல்தான் முசுறுகள் இலையைப் பறிப்பதில்லை. ஒன்றின் இடுப்பை ஒன்று பிடித்துச் சேர்த்து இழுத்து, உயிரோடிருக்கும் இலையிலேயே கூடு தைக்கின்றன. அன்று முதல்தான் முசுறுக் குட்டி வெற்றுடம்போடு தூங்குகிறது, ஊருக்கே போர்வை கொடுத்த பிள்ளையாக.